இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஒரு வீட்டுக் கொப்பி: எழுதத் தொடங்கும் முறை

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுவிடுவதன்று, போதியளவு இரத்தத்தை வெளித்தள்ள முடியாமற்போவது) என்று கண்டறியப்பட்ட பின்னர் எங்கள் வீட்டில் நிலைத்த பழக்கம், ஒரு சாதாரணக் கொப்பியில் நாளாந்தம் எழுதுவதாகும். கைபேசிச் செயலிகளைவிடக் கொப்பியே மேல் என்பது என் கருத்து. நோயாளர் தம் கையாலேயே எழுதலாம், கிளினிக்கில் வைத்தியரும் உடனே புரட்டிப் பார்க்கலாம்.

முதலில் பக்கத்தை நிறை, வீக்கமும் மூச்சும், குளிசை, மனநிலை என நான்கு நிரல்களாகப் பிரியுங்கள்.

பலர் தடுமாறுவது நிறையில்தான். காலையில் சிறுநீர் கழித்த பின்னர், சாப்பிடுவதற்கு முன்னர், ஒரே வகை உடுப்புடன், சீமெந்துத் தரையில் வைத்த தராசில் ஏற வேண்டும்; பாயின் மேல் வைத்தால் அளவு பிறழும். இதயம் போதியளவு இரத்தத்தை வெளித்தள்ளாதபோது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்வதால், கால் வீங்குமுன்னரே தராசு அதைக் காட்டிவிடுவதுண்டு. மூன்று நாட்களுக்குள் 2 கிலோகிராமுக்கு மேல் கூடினால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியருக்கு அறிவியுங்கள். அரைக் கிலோ ஏறி இறங்குவது வழமையே. முந்தின நாள் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என உப்புக் கூடிய ஏதும் உண்டிருந்தால் அதையும் ஓரத்தில் குறியுங்கள்.

குளிசை எடுத்ததும் சரி அடையாளம் இடுங்கள். பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகும் நாளில், வழியில் சிறுநீர் வருமென்று, உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் குளிசையைத் தவிர்ப்போர் பலர். நேரத்தை மாற்றி எடுக்கலாமா என்று வைத்தியரிடம் முன்னரே கேட்பதே முறை.

மனநிலை நிரலை வெறுமையாக விடாதீர்கள். பார்க்க வரும் உறவினர் அனைவரும் "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போக, நோயாளரின் பயம் வாய்க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. "இரவு நித்திரை வந்ததா, எதை நினைத்துப் பயம்?" என்று கேளுங்கள். அப்பா ஒரு நாள் அந்த நிரலில், "படுத்தால் எழும்புவேனோ தெரியாது, கதிரையிலேயே இருந்தேன்" என்று எழுதியிருந்தார். அது பயம் மட்டுமன்று. நுரையீரலில் நீர் தேங்கினால் மல்லாந்து படுக்கும்போது மூச்சு முட்டும் என்பதை வைத்தியர் விளக்கி, குளிசையின் அளவை மாற்றினார். காரணம் விளங்கியதும் பயமும் பாதியாயிற்று. சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

பிற்சேர்க்கை: நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை மற்றவற்றுடன் ஒரே பெட்டியில் போடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, காற்றும் வெப்பமும் பட்டால் வீரியம் குறையும் என்பதால், அது வந்த போத்தலிலேயே இருக்கட்டும். உட்கார்ந்தபடியே அதை நாக்கின் கீழ் வைத்து, 5 நிமிடங்களில் வலி தணியாவிட்டால் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.