நம்ம கடற்கரை வரலாற்றை மின்னூலில் தேடுவது எப்படி?

கடல் வணிகம் செய்த கீழக்கரை மரைக்காயர்கள், முத்துக்குளிப்பு, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் என்று எதை ஆராய்ந்தாலும் முதலில் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்துக்குப் போங்கள். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கியது, உமறுப்புலவரின் சீறாப்புராணம்கூட யூனிகோடில் கிடைக்கும். பழைய அச்சு நூல்கள் வேண்டுமா, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம்.

தேடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 'முத்து' என்று மட்டும் தட்டினால் நிறையப் பாட்டு தப்பிவிடும், நித்திலம், தரளம் என்றும் போட்டுப் பாருங்கள். 'கடல்' போதாது, அடுத்த சொல்லோ உருபோ சேரும்போது அது 'கடற்' (கடற்கரை) ஆகிவிடும், 'கடலி' (கடலில்) ஆகிவிடும். ஸ்கேன் செய்து கணினியே எழுத்தாக்கிய நூல் என்றால் துணைக்காலும் 'ர'வும் மாறிக் கிடக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், மேற்கோள் காட்டும் முன் அச்சுப் பக்கத்தோடு கட்டாயம் ஒப்பிடுங்கள், பதிப்பாசிரியர் பெயர், பதிப்பாண்டு, பக்க எண், பார்த்த தேதி எல்லாவற்றையும் அப்போதே குறித்துவிடுங்கள்.