மேற்குச் சுவருக்கு ஒரு பீர்க்கம் பந்தல்

வீட்டைச் சுற்றி என்ன செடி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தச் செடி உங்களுக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான். தூசியை மறைக்கவா, மண் அரிப்பைத் தடுக்கவா, நிழலுக்கா? வேலை தெரிந்தால் செடி தானாக முடிவாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் மேற்குச் சுவரில் ஆரம்பியுங்கள். ஒரே கோடையில் பலன் தெரியும்.

சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்தபின் தோசைக்கல் இருக்குமே, அந்தச் சூடு. மாலை முழுக்கக் குடித்த வெயிலைச் செங்கல் இரவில்தான் அறைக்குள் விடுகிறது.

முதல் வேலை, வெயிலைக் கவனிப்பது. சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதனால் தெற்குச் சுவருக்குப் பெரிய தொல்லை இல்லை. மாலையில் சாய்ந்து வரும் வெயில்தான் சிக்கல். ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருந்தால் மூன்று மணிக்கு அதன் நிழல் சுமார் 2 அடி இறங்கும். நாலரை மணிக்கு 1 அடிதான். மீதிச் சுவர் முழுக்க வெயில். எந்த நேரத்தில் எதுவரை வெயில் விழுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பந்தல் அந்த இடத்தை மூடினால் போதும்.

அடுத்தது சட்டம். சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே கயிறோ கட்டுக்கம்பியோ அரை அடிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளி கட்டாயம் வேண்டும். முதல் வருடம் நான் கொடியை நேராக ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டேன். மழை வந்ததும் சுவர் ஈரம் காயாமல் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. இடைவெளி விட்டால் சூடான காற்று மேலே போய்விடும், சுவரும் காயும். வேர்விட்டுச் சுவரில் ஒட்டும் கொடிகள் இந்த வேலைக்கு வேண்டாம்.

சுவரோரத்தில் பெரும்பாலும் மண் இருக்காது. கட்டடம் கட்டியபோது விழுந்த கலவையும் செங்கல் துண்டும்தான் இருக்கும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி அதையெல்லாம் எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள்.

கொடிக்கு என் தேர்வு பீர்க்கு. இலை அகலம், வளர்ச்சி வேகம், காயும் கிடைக்கும். தை மாதம் விதைத்தால் கத்திரி வெயிலுக்குள் பந்தல் மூடிவிடும். ஆடியில் இன்னொரு முறை விதைக்கலாம். வருடம் முழுக்கப் பச்சையாகவே வேண்டும் என்றால் ரங்கூன் மல்லி நடுங்கள், ஆனால் சட்டம் பலமாக இருக்க வேண்டும். சுவரை விட்டு 15 அடி இடம் இருப்பவர்கள் புங்கை வைக்கலாம். முருங்கையை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள், காற்றுக்குக் கிளை முறியும்.

தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் இலை வழியாக ஆவியாக சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. அதை இலை வெயிலிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வாடிய கொடிக்கு இந்த வேலை நடக்காது. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் இங்கே ஊற்றலாம். குழியின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் காய்ந்த கொடியை அறுத்துவிடுங்கள். அப்போதுதான் மார்கழி வெயில் சுவரில் பட்டு ஈரம் இழுக்கும். அறுக்கும் முன், நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே முற்ற விடுங்கள். குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்போது பறியுங்கள். உள்ளே இருக்கும் நார் உடம்பு தேய்க்க, விதை அடுத்த தைக்கு.