ஊடகவியல் மேற்படிப்புக்கு நிதி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டம், தொடர்பியல் தனித்துறையாக உருவெடுக்கக் காரணமான முயற்சிகளுள் ஒன்று. சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் நடத்திய அத்திட்டத்தில், இசைப் பகுதியைக் கவனிப்பதற்காக 1938இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் தியோடர் அடோர்னோ வந்து சேர்ந்தார். வானொலியைக் கேட்போருக்கு எப்படி மேலும் பயனுள்ளதாக்கலாம் என்று அறிய விரும்பியவர்களிடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது, வானொலி வழியே வரும் இசை கேட்கும் திறனையே மழுங்கடிக்கிறது என்ற வாதம். அந்த எழுத்துகளுக்குப் பின்னாளில் பெரும் மதிப்புக் கிடைத்தது. ஆனால் இசைப் பகுதிக்கான நிதியை அறக்கட்டளை நீட்டிக்கவில்லை.

ஊடகவியலிலோ தொடர்பியலிலோ முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்ட ஆய்வுக்கும் உதவித்தொகை தேடும் மாணவர்கள் இந்தச் சிறு வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பணம் தருகிறவருக்கென்று ஒரு நோக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எழுதப்பட்டும் இருக்கிறது. அதைப் படிக்காமல் தன் மதிப்பெண்களையும் ஆர்வத்தையும் மட்டும் எழுதி அனுப்புவதிலிருந்துதான், நான் படித்துப் பார்த்த விண்ணப்பங்களைக் கொண்டு சொல்வதானால், மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன.

தவறு தேடலிலேயே தொடங்கிவிடுகிறது. 'ஊடகவியல் உதவித்தொகை' என்று துறையின் பெயரைக் கொண்டு தேடுகிறவருக்குக் கிடைக்கும் பட்டியல் மிகச் சிறியது. இந்தத் துறை ஒரு காலை இலக்கியம், வரலாறு போன்ற மானுடவியல் புலங்களிலும் மறு காலைச் சமூக அறிவியலிலும் ஊன்றி நிற்பதால், அதற்கான பணமும் பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. பிரிட்டனில் முனைவர் பட்ட ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்புகளையே எடுத்துக்கொள்வோம்: நாளிதழ்களின் வரலாற்றையோ திரைப்படத்தின் அழகியலையோ ஆராய்கிறவர் கலை மற்றும் மானுடவியல் ஆய்வு மன்றத்தின் பக்கம் போக வேண்டும், பார்வையாளர்களிடம் கணக்கெடுப்பு நடத்திச் செய்திப் பழக்கத்தை அளக்கிறவர் பொருளாதார மற்றும் சமூக ஆய்வு மன்றத்தின் பக்கம் போக வேண்டும். இருவரும் சேர்ந்திருப்பது ஒரே துறையாக இருக்கலாம். கேள்வியும் ஆய்வு முறையும்தான் வழியைப் பிரிக்கின்றன. தடுப்பூசி பற்றிய வதந்திகளை ஆராய்கிறவருக்குப் பொதுச் சுகாதார நிதியும், தேர்தல் பரப்புரையை ஆராய்கிறவருக்கு அரசியல் அறிவியல் நிதியும் திறந்திருக்கின்றன என்பதைத் துறைப் பெயரை மட்டும் தேடுகிறவர் அறியாமலே போய்விடுகிறார். நெதர்லாந்து, சுவீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளர். அந்த இடங்கள் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அறிவிக்கப்படுகின்றன. உதவித்தொகைப் பக்கத்தையே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவற்றைக் கண்டிருக்கவே மாட்டார்.

அடுத்தது, தொழில்முறைப் படிப்பையும் ஆய்வுப் படிப்பையும் ஒன்றாகக் கருதுவது. இதழியல், விளம்பரம், மக்கள் தொடர்பு ஆகியவற்றில் ஓராண்டு முதுநிலைப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்தும் மாணவர் ஒரு வருமானம்; ஆகவே அங்கே கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதித் தள்ளுபடி மட்டுமே, மீதிக்கு வெளியிலிருந்துதான் நிதி தேட வேண்டும். முனைவர் பட்டப் படிப்பிலோ, மாணவரே வகுப்பெடுக்கவும் ஆய்வு செய்யவும் தேவைப்படுகிறவர் என்பதால், பல இடங்களில் துறையே பணம் தருகிறது. இந்த வேறுபாடு தெரியாத ஒருவர், நிதி இல்லாத படிப்பில் இடம் வாங்கிவிட்டு, 'சேர்ந்த பிறகு ஏதாவது கிடைக்கும்' என்று கடன் வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். சேர்ந்த பிறகு கிடைப்பதும் உண்டுதான். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடுவது விவேகமன்று.

விண்ணப்பத்தின் உள்ளே வந்தால், அதிகம் சறுக்குவது ஆய்வு முன்மொழிவில். 'சமூக ஊடகங்கள் இளைஞர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம்' என்ற தலைப்பு ஒரு தேர்வுக் குழுவின் மேசைக்கு ஆண்டுதோறும் எத்தனை முறை வருகிறது என்பதை எழுதுகிறவர் அறிந்தால் அதை எழுதவே கூசுவார். அதில் எந்த ஊடகம் என்பது இல்லை, எந்த இளைஞர் என்பது இல்லை, தாக்கம் என்பதை எப்படி அறியப்போகிறார் என்பதும் இல்லை. இதையே, 'உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வாரங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் குரல்பதிவாகப் பரவும் வதந்திகளைக் குழு நிர்வாகிகள் எந்த அடையாளங்களைக் கொண்டு நம்புகிறார்கள், எவற்றை நீக்குகிறார்கள். இருபது நிர்வாகிகளுடன் நேர்காணல், அவர்கள் சம்மதத்துடன் பெற்ற பதிவுகள்' என்று எழுதிப் பார்க்கலாம். இப்போது குழுவிலிருப்பவர் கேள்வி கேட்கலாம்: ஏன் குரல்பதிவு, ஏன் எழுத்துச் செய்தி இல்லை? சம்மதம் தராதவர்களின் குரல் பதிவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கேள்வி கேட்க முடிகிற முன்மொழிவுதான் நிதி பெறும் முன்மொழிவு. தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுக்க வைப்பது பெறாது. செய்தியறையில் இருந்து வருகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. செய்திக் கட்டுரையில் முடிவை முதல் வரியில் சொல்லிப் பழகியவர்கள், ஆய்வு முன்மொழிவிலும் 'ஊடகங்கள் விலைபோய்விட்டன என்பதை நிறுவுவேன்' என்று தொடங்கிவிடுகிறார்கள். முன்பே தெரிந்த விடைக்கு ஆய்வு எதற்கு, பணம் எதற்கு என்று குழு கேட்காமலே முடிவு செய்துவிடும்.

தொழில்முறைக்கும் ஆய்வுக்கும் இடையிலான குழப்பம் பரிந்துரைக் கடிதத்திலும் தொடர்கிறது. புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர் அல்லது தொலைக்காட்சி முகம் ஒருவர் கையெழுத்திட்ட நான்கு வரிக் கடிதத்தைவிட, கருத்தரங்க வகுப்பில் அந்த மாணவர் எழுதிய கட்டுரையில் எந்த வாதம் பலமாக இருந்தது என்று விவரிக்கும் இளம் விரிவுரையாளரின் ஒரு பக்கக் கடிதம் ஆய்வுப் படிப்புக்கு உதவும். தொழில்முறை உதவித்தொகைக்கோ அது தலைகீழ்: இரவுப் பணியில் நெருக்கடியான செய்தியை இவர் எப்படிக் கையாண்டார் என்று சொல்லக்கூடிய செய்தி ஆசிரியரின் கடிதமே அங்கு எடுபடும். எழுத்து மாதிரி கேட்கும் இடத்தில் குறும்படத்தின் இணைப்பையும், படைப்புத் தொகுப்பு கேட்கும் இடத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலையும் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தகுதி விதிகளைக் கடைசி வாரத்தில் படிப்பது மற்றொன்று. பிரிட்டன் அரசு 1983 முதல் வழங்கிவரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். அதை அவர்கள் 2,800 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். பகுதி நேர வேலையும் ஊதியமற்ற தன்னார்வப் பணியும்கூடக் கணக்கில் சேரும் என்பதால், சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்கு இது உண்மையில் சாதகமான விதி. ஆனால் எந்த மாதத்தில் யாருக்காக எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று எழுதி வைத்திருந்தால்தானே அதைச் சொல்ல முடியும்? வெளியான தேதியோடு கட்டுரைகளையும், பணம் வந்த மின்னஞ்சல்களையும் ஒரு கோப்பில் சேர்த்துவரும் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. ஜெர்மனியில் 1925இல் தோன்றிய டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கு வழங்கும் உதவித்தொகைக்கும் இரண்டாண்டு அனுபவத்தைக் கேட்கிறது. அதோடு, கடைசியாகப் பெற்ற பட்டம் பொதுவாக ஆறாண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்கிறது. ஆக, அனுபவம் சேரட்டும் என்று காத்திருப்பவருக்கு ஒரு பக்கம் கதவு திறக்கும்போதே மறு பக்கம் மூடத் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் பல நாடுகளில் இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள், இரண்டு தனித்தனிக் கெடுக்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

'முழு உதவித்தொகை' என்ற சொல்லை நம்புவதுதான் பின்னால் அதிகம் வலிக்கும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் ஊடகமும் உலகமயமாதலும் பற்றிய இதழியல் படிப்பு ஒன்று உண்டு. முதலாண்டு டென்மார்க்கின் ஆர்ஹூஸில், இரண்டாமாண்டு வேறொரு நாட்டில். 2021 முதல் 2027 வரையிலான திட்டக் காலத்தில் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள். தாராளமாகத் தோன்றும் அந்தத் தொகையில்தான் விசா, விமானப் பயணம், நடுவில் நாடு மாறும்போது புது வீட்டுக்குக் கட்டும் முன்பணம் எல்லாம் அடங்க வேண்டும்; அவற்றுக்கென்று தனித் தொகை கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சேருகிறவருக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாதத் தொகையும் வரும். ஆனால் அந்தத் தொகை பல இடங்களில் ஒன்பது மாதங்களுக்கே. வாடகை பன்னிரண்டு மாதங்களுக்கு. கல்விக் கட்டணம் நீங்கினாலும் 'மாணவர் கட்டணம்' என்ற தலைப்பில் தனியாக வருவது பல இடங்களில் நீங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கான தொகைக்கு வரியும் உண்டு. கோடையில் வெளியே வேலை செய்து சமாளிக்கலாம் என்றால், மாணவர் விசாவில் வந்தவருக்கு அது எளிதன்று; வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளேகூட வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்த 20 மணி நேரத்தை உதவியாளர் பணியே விழுங்கிவிடும். ஆகவே, நிதிக் கடிதம் கையில் வந்ததும் கேட்க வேண்டியவை: எத்தனை மாதம், எத்தனை ஆண்டு, எந்தக் கட்டணம் நீங்கலாக, மருத்துவக் காப்பீடு யார் செலவில். கேட்டால் இடத்தைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் தேவையில்லை.

அவசரப்படவும் வேண்டாம். அமெரிக்க முதுநிலைக் கல்விப் புலங்களின் மன்றம் வகுத்த 'ஏப்ரல் 15 தீர்மானம்' ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு வழங்கும் இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை வற்புறுத்தக் கூடாது. பிப்ரவரியில் வந்த முதல் கடிதத்துக்கு அன்று மாலையே சம்மதம் தெரிவித்துவிட்டு, மார்ச்சில் வரும் நல்ல கடிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோருக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பணத்தோடு வரும் கட்டுப்பாடுகளையும் கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும். 1946இல் தொடங்கிய அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகைத் திட்டத்தில் அமெரிக்கா சென்று படிப்பவர், முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டாண்டு வசிக்காமல் அங்கே நிரந்தர வசிப்புரிமைக்கோ குறிப்பிட்ட சில வேலை விசாக்களுக்கோ தகுதி பெற முடியாது. செவனிங்கிலும் படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஊடகக்காரர்களுக்கு இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது: ஓர் அரசின் பணத்தில் படித்துவிட்டு அந்த அரசைப் பற்றிய செய்திகளை எழுதுவதற்குச் சில செய்தி நிறுவனங்களின் நடத்தை விதிகள் இடம் தராமல் போகலாம். வேலையிலிருந்து விடுப்பில் செல்பவர் இதைத் தன் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பெரிய உதவித்தொகை கிடைக்காதவர்களும், கிடைத்தவர்களும், சிறு நிதிகளைப் பொருட்படுத்துவதில்லை. 1950இல் தோன்றிய சர்வதேசத் தொடர்பியல் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்கு வரும் மாணவர்களுக்குப் பயண நிதி அளிக்கிறது. உறுப்பினர் கட்டணத்தையும் நாட்டின் வருமான நிலைக்கேற்பக் குறைத்து வைத்திருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் தம்மிடம் வந்து தங்கி ஆராய்வோருக்கு உதவுகின்றன. தொடக்கத்தில் சொன்ன ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆவணங்கள் இருக்கும் காப்பகமும் அவற்றுள் ஒன்று. இத்தகைய நிதிகளைப் பொறுத்தவரை செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு, பணம் முன்கூட்டி வரும் என்று எண்ணுவது. பல இடங்களில் நாம் செலவு செய்து, ரசீதுகளை அனுப்பிய பிறகே, வாரங்கள் கழித்துப் பணம் திரும்பி வரும். விமான நிலையத்தில் கிழித்துத் தரும் போர்டிங் பாஸ் சீட்டின் அரைத் துண்டைக்கூடக் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பும் வரை அதைக் கடவுச்சீட்டுக்குள் செருகி வைத்திருங்கள்.