வன்னியிலிருந்து ஒன்ராறியோவுக்கு வரும் மின் பொறியியலாளருக்கு

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பேராதனையிலோ மின் பொறியியல் படித்து, வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஒன்ராறியோவுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். வந்த கிழமையே சொந்தக்காரர் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: "முதல்ல கிடைக்கிற வேலைக்குப் போ, பிறகு பாப்பம்." அன்பில்தான் சொல்கிறார்கள். வாடகையும் கட்ட வேண்டும், ஊருக்கும் அனுப்ப வேண்டும். ஆனாலும் எந்த வேலை என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி இரண்டு வருடம் போய்விட்டால், கடைசியாக எப்போது மின்வேலை செய்தீர்கள் என்று நேர்முகத்தில் கேட்கும்போது திணற வேண்டி வரும்.

மிசிசாகா, பிரம்டன், மார்க்கம் பக்கம் இயந்திரங்களை இயக்கும் மின்பெட்டிகளை, அதாவது கொன்ட்ரோல் பனல்களைக் கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வரைபடம் பார்த்து வயர் பூட்டுகிற வேலைக்குப் போனாலும், உங்கள் கை கனடிய வரைபடத்தின் மேல் இருக்கும். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் உதவியாளர் வேலை கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பட்டதாரிக்கு இது குறைவு என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: பொறியியல் பட்டம் இருந்தாலும் கட்டடங்களுக்கு வயரிங் செய்ய முடியாது. அது 309ஏ உரிமம் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனின் வேலை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஊரில் பழைய கட்டடங்களில் சிவப்பு, மஞ்சள், நீல வயர்கள் மூன்றும் பேஸ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்). புதிய முறையில் நீலம் நியூட்ரல். இங்கே சிவப்பு, கறுப்பு, நீலம் மூன்றிலும் கரண்ட் ஓடும். நியூட்ரல் வெள்ளை, ஏர்த் பச்சை. அதாவது ஊரில் நியூட்ரல் என்று கை பழகிய இரண்டு நிறமும் இங்கே பேஸ். அசதியான நேரத்தில் மூளைக்கு முன்னால் கை போய்விடும். அதனால் முதல் மாதங்களில் நிறத்தை நம்பவே வேண்டாம், மீற்றரை நம்புங்கள். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் 600 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 347. அதிர்வெண் 60 ஹேர்ட்ஸ் என்பதால் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் ஊரைப் போல நிமிடத்துக்கு 1500 சுற்று இல்லை, 1800. வயர் அளவில் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். இதெல்லாம் சில கிழமைகளில் பழகிவிடும்.

கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடும் விஷயம் அப்படிச் சும்மா பழகிவிடாது. ஊரில் "நிப்பாட்டியாச்சு" என்று ஒருவர் குரல் கொடுத்தால் கை வைத்துவிடுவோம். இங்கே இயந்திரத்தில் கை வைக்கிற ஒவ்வொருவரும் ஆளியில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். பிறகு மீற்றரைக் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்து, திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்தில் பார்க்க வேண்டும். மீற்றரே பழுதாகி இருந்தால்? அதற்குத்தான் மூன்றாவது தடவை. அவசரம், விடு என்று மேலாளர் சொன்னாலும் விடாதீர்கள்.

பொறியியலாளர் உரிமம் பற்றிச் சுருக்கமாக. ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு. ஆனால் உரிமம் பெற்ற ஒருவரின் பொறுப்பின் கீழ் பொறியியல் வேலை செய்யலாம். உரிமம் கொடுக்கும் பி.ஈ.ஓ. அமைப்பு 48 மாத அனுபவம் கேட்கிறது. அதில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதியை 2023 மே மாதம் நீக்கிவிட்டார்கள், ஊரில் செய்த வேலையும் கணக்கில் வரும். ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் மதிப்பதற்கான வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்பினரானது. நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டில் உங்கள் துறைக்கு அந்த அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தாலும் உரிமம் தானாக வராது, தொழில் ஒழுக்கத் தேர்வு எழுதத்தான் வேண்டும்.

அனுபவத்தை எழுதும்போது நம்மவர்கள் "பராமரிப்பு செய்தேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு வயிறு எரியும். லைனின் கடைசியில் இருக்கிற துணுக்காய்ப் பக்கத்து அரிசி ஆலையில் மோட்டார் அடிக்கடி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸிலும் வோல்டேஜ் அளந்தீர்கள், ஒன்று இறங்கிக் கிடந்தது, சுமையைப் பிரித்துப் போட்டீர்கள், அதன் பிறகு மோட்டார் எரியவில்லை. நிலைமை, நீங்கள் செய்தது, கிடைத்த விளைவு: பி.ஈ.ஓ. கேட்பது இதே வரிசைதான், நேர்முகத்தில் கேட்பதும் அதுதான். மன்னார் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட். அங்கே வேலை செய்தவர்கள் எந்தப் பகுதியில் என்ன பொறுப்பு என்று தெளிவாக எழுதினால் இங்கே யாருக்கும் புரியும்.

இந்த வேலைகளைச் செய்தீர்கள் என்று பி.ஈ.ஓ.வுக்குச் சாட்சி சொல்ல, உங்களோடு வேலை செய்த பொறியியலாளர்கள் தேவை. இன்னும் விமானம் ஏறாதவர்கள் இதை இப்போதே செய்யுங்கள். மேலதிகாரியிடம் வேலை விபரத்தோடு திகதி போட்ட கடிதம் வாங்குங்கள். அலுவலக மின்னஞ்சலோடு அவருடைய சொந்த மின்னஞ்சலையும் வாங்கி வையுங்கள். இடமாற்றமோ ஓய்வோ வந்தால் அலுவலக முகவரிக்கு எழுதிப் பதில் வராது.