தோட்டத்து நடைபாதை: கல்லுக்கு அடியில் நடக்கும் தவறுகள்

பேவர் பிளாக் பாதை போடுபவர்கள் கல்லின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஐப்பசி மழையில் பாதை குழிவிழுந்தால், பெரும்பாலும் தவறு அதற்கு அடியில்தான் இருக்கும்.

முதல் தவறு, மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு மணலைக் கொட்டி நேரே கல்லை அடுக்குவது. ஆள் நடக்கும் பாதைக்கு 60 மி.மீ. கனமுள்ள கல் போதும், கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. வேண்டும். 60 மி.மீ. கல்லுக்கு ஏழு அங்குலம் தோண்ட வேண்டும்: அடித்தளம் நான்கு அங்குலம், மணல் ஒரு அங்குலம், மீதி கல். அப்போது கல் தரைக்கு மேல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். கரிசல் மண் என்றால் இன்னும் ஆறு அங்குலம் எடுத்துவிட்டு கிராவல் போட்டு இறுக்குங்கள். அந்த மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, மேலே இருப்பதைப் புரட்டிவிடும்.

அடித்தளத்துக்கு முக்கால் அங்குல ஜல்லியை மட்டும் போடாதீர்கள். ஜல்லிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் மேல்மணல் மெல்ல இறங்கும், கல்லும் கூடவே இறங்கும். கல் உடைக்கும்போது விழும் கிரஷர் தூளும் கலந்து, தண்ணீர் தெளித்து, இரண்டிரண்டு அங்குலமாக இரண்டு தடவை இறுக்க வேண்டும். கையால் குத்தி இறுக்கும் திமிசுக்கட்டை போதும் என்பார்கள். சிறு துண்டுக்குச் சரி, நீளமான பாதைக்கு காம்பாக்டரை (மண்ணை இறுக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுப்பதே நல்லது. 3 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு அடித்தளக் கலவை இறுகிய கணக்கில் 20 கன அடி. இறுக்கினால் குறையும் என்பதால் 25 கன அடி வாங்குங்கள்.

அடித்தளத்து மேடுபள்ளத்தை மணலால் நிரப்பி மறைப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். மணல் எங்கும் ஒரே ஒரு அங்குலம்தான் இருக்க வேண்டும். தடித்த இடம்தான் பிறகு குழியாகும்.

வாட்டம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும்: 3 அடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் இறக்கம். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். சுவரை ஒட்டிப் போகும் பாதை, சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கப் போடும் ஈரத்தடுப்புப் பூச்சுக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே சுண்ணாம்பு உதிரும்.

ஓரக்கல் வைக்காமல் விட்டால் வெளிக்கற்கள் ஒதுங்கி, இணைப்புகள் விரியும். இருபுறமும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதியுங்கள். கற்களுக்கு இடையே சிமென்ட் பூசினால் அது வெடித்துத் துண்டுதுண்டாகக் கழன்றுவிடும். சலித்த, காய்ந்த மெல்லிய மணலைத் தூவிப் பெருக்குங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

களை வராமலிருக்க அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பதும் வீண். விதை பெரும்பாலும் மேலிருந்து காற்றில் வந்து இணைப்பில் விழுகிறது. ஷீட் தண்ணீரை மட்டும் தேக்கும்.

வேம்பு, புங்கை மாதிரி மரங்களைச் சுற்றி மூன்றடியாவது விட்டுத் தள்ளிப் போங்கள். நிழலான இடத்தில் பாலிஷ் போட்ட கடப்பா கல் பாசி பிடித்தால் வழுக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். தனித்தனிக் கல்லாகப் பதிப்பதானால், வீட்டிலுள்ள பெரியவரை நடக்கச் சொல்லி அடியெடுப்பை அளந்த பிறகே இடைவெளியை முடிவுசெய்யுங்கள். புடவை கட்டி நடப்பவருக்கு இரண்டடி இடைவெளி தாண்டலாகிவிடும்.

கல் பதிக்கும் முன் பாதைக்குக் குறுக்கே இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயோ விளக்கு ஒயரோ பின்னால் அதற்குள் நுழைக்கலாம், பாதையைப் பெயர்க்க வேண்டியதில்லை.