கன்ட்ரோலரில் செல்சியஸ்–ஃபாரன்ஹீட் மாற்றம்: 32-ஐ எங்கே கூட்டுவது, எங்கே கூட்டக்கூடாது

செல்சியஸை 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து 32 கூட்டினால் ஃபாரன்ஹீட். அதில் 32-ஐக் கழித்து 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் மறுபடி செல்சியஸ். சூத்திரம் இவ்வளவுதான். ஹீட்டரை இயக்கி வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் எந்த எண்ணை மாற்றுகிறோம், எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்று பார்க்காமல் விட்டால்தான் சிக்கல் வருகிறது.

எண்ணைத் தொடும் முன், அது வெப்பநிலையா, இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையிலான வித்தியாசமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளந்த மதிப்பு, செட் பாயின்ட் (எட்ட வேண்டிய வெப்பநிலை), குறிப்பிட்ட டிகிரியைத் தாண்டினால் அடிக்கும் ஹை அலாரம் ஆகியவற்றுக்கு முழுச் சூத்திரம். ஹிஸ்டிரிசிஸ் (ஹீட்டர் அணையும் புள்ளிக்கும் மறுபடி போடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி), டீவியேஷன் அலாரம் (செட் பாயின்ட்டிலிருந்து இத்தனை டிகிரி விலகினால் அடிப்பது), சென்சார் ஆஃப்செட் (சென்சார் பிழையைச் சரிக்கட்டக் கூட்டும் எண்), ரேம்ப் வேகம் (வெப்பநிலை ஏறும் வேகம்) ஆகியவற்றை 1.8-ஆல் பெருக்கினால் போதும். 32 கூட்டவே கூடாது. 5 டிகிரி செல்சியஸ் டீவியேஷன் அலாரம் 9 டிகிரி ஃபாரன்ஹீட். அங்கே 32-ஐயும் சேர்த்து 41 என்று போட்டால், வெப்பநிலை எவ்வளவோ விலகிய பிறகும் அலாரம் வாயைத் திறக்காது.

பிஐடியில் (ஹீட்டருக்கு எவ்வளவு சக்தி என்று கணக்கிடும் முறை) பி-பேண்ட், அதாவது சக்தி படிப்படியாக மாறும் வெப்பநிலை அகலம், டிகிரியில் இருந்தால் அதுவும் வித்தியாசம்தான்: 10 செல்சியஸ், 18 ஃபாரன்ஹீட். ஸ்பானின் (ரேஞ்சின் இரு முனைகளுக்கு இடைப்பட்ட அளவு) சதவீதமாக இருந்தால், ரேஞ்சை ஒழுங்காக மாற்றியிருக்கும்வரை அதைத் தொட வேண்டாம். ஒரு டிகிரிக்கு இத்தனை சதவீத அவுட்புட் என்ற கெயினாக இருந்தால் 1.8-ஆல் வகுக்க வேண்டும். நொடியில் உள்ள இன்டக்ரல், டெரிவேட்டிவ் நேரங்கள் மாறாது.

கன்ட்ரோலரின் யூனிட் பாராமீட்டரை மாற்றுவதற்கு முன் ஹீட்டர் சப்ளையைத் துண்டித்துவிட்டு, எல்லா பாராமீட்டர்களையும் எழுதி வையுங்கள். சில மாடல்கள் செட் பாயின்ட்டையும் சேர்த்து மாற்றும்; சிலவற்றில் எண் அப்படியே நிற்கும், யூனிட் மட்டும் மாறும். 180 செல்சியஸ் செட் பாயின்ட் 180 ஃபாரன்ஹீட்டாக நின்றுவிட்டால் அது வெறும் 82.2 செல்சியஸ், பொருள் வேகாது, அவ்வளவுதான். எதிர்த்திசைதான் ஆபத்து. 356 ஃபாரன்ஹீட் என்பது 180 செல்சியஸ். யூனிட்டை செல்சியஸுக்கு மாற்றியதும் அந்த 356 அப்படியே நின்றால் ஹீட்டர் 356 செல்சியஸை நோக்கி ஓடும். ஹை அலாரமும் பழைய எண்ணிலேயே நிற்பதால் அதுவும் காப்பாற்றாது.

பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) இன்டிஜர் கணக்கு, அதாவது தசமமில்லாத முழு எண் கணக்கு, தனித் தலைவலி. சென்சார் சிக்னலை எண்ணாக்கும் அனலாக் கார்டுகள் பல பத்தில் ஒரு டிகிரியாக மதிப்பைத் தரும்; 185.0 டிகிரி ரெஜிஸ்டரில் 1850 என்று வரும். 9-ஐ 5-ஆல் முதலில் வகுத்தால் இன்டிஜரில் விடை 1, எல்லாம் பாழ். அதனால் முதலில் பெருக்கல்: 1850 × 9 = 16650. பிறகு ÷ 5 = 3330. பிறகு 320 கூட்டினால் 3650, அதாவது 365.0. இங்கே 320-க்குப் பதில் 32 கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 336.2 என்று காட்டும். பார்க்க நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

16 பிட் ரெஜிஸ்டரில் 32767-க்கு மேல் இடமில்லை. 3640 × 9 = 32760 தாங்கும், 3641 × 9 தாங்காது. 364.0 டிகிரிவரை சரியாக ஓடிய புரோகிராம் 364.1-இல் மைனஸுக்குத் தாவுவது இதனால்தான். பெருக்கலை 32 பிட்டில் செய்யுங்கள், அல்லது ரியல் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இன்டிஜரிலேயே செய்வதானால், 5-ஆல் வகுக்கும் முன் 2 கூட்டினால் விடை அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சரியாக முழுமையாகும். மைனஸ் எண்ணாக இருந்தால் 2 கழிக்க வேண்டும்.

சென்சார் அறுந்தால் பல கார்டுகள் 32767 தரும். அதை மாற்றக் கணக்குக்குள் விட்டால் வேறு ஏதோ எண்ணாகி, கோளாறு என்பதே தெரியாமல் போகும். கோளாறைச் சோதிக்கும் வரி மாற்றத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

வெப்பநிலையை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னலில் இரு முனைகளையும் மாற்றுங்கள். 0–400 செல்சியஸ் என்றால் 32–752 ஃபாரன்ஹீட். கீழ் முனையை 0 என்றே விட்டால் 20 மில்லி ஆம்பியரில் சரியாகவும், 12-இல் 16 டிகிரி குறைவாகவும், 4-இல் 32 டிகிரி குறைவாகவும் காட்டும். மேல் முனையில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படாது.

மாற்றம் ஒரே ஒரு இடத்தில் நடக்கட்டும். கன்ட்ரோலர், பிஎல்சி, டேட்டா லாக் எல்லாம் செல்சியஸிலேயே இருந்து, ஆபரேட்டர் பார்க்கும் எச்எம்ஐ திரையில் மட்டும் மாற்றுவது நல்லது. கன்ட்ரோலரில் யாராவது யூனிட்டை மாற்றினால் மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) ரெஜிஸ்டரில் வருவதும் ஃபாரன்ஹீட்டாகிவிடலாம்; திரை அதை மறுபடி மாற்றும்; 185 டிகிரி உலை 689 என்று காட்டும். அந்த பாராமீட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். உள்ளே ஒரு தசம இடமாவது வையுங்கள்: முழு எண்ணாக வைத்தால் ஆபரேட்டர் 350 ஃபாரன்ஹீட் போட, உள்ளே 177 செல்சியஸாகி, திரையில் 351 என்று திரும்பும்.

முடித்ததும் காலிபரேட்டரால் (சென்சாருக்குப் பதிலாகத் தெரிந்த சிக்னலைக் கொடுக்கும் கருவி) மூன்று புள்ளிகளில் சோதியுங்கள். வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பிடி100 சென்சாருக்கு 100.00 ஓம் கொடுத்தால் 32, 138.51 ஓம் கொடுத்தால் 212 வர வேண்டும். ரேஞ்ச் அனுமதித்தால் மைனஸ் 40-ஐயும் பாருங்கள். அங்கே இரண்டு யூனிட்டும் ஒரே எண். மைனஸில் குறி தவறும் கணக்கு அங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு செட் பாயின்ட், அலாரம், ஆஃப்செட் ஆகியவற்றை எழுதி வைத்த தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே ஹீட்டர் சப்ளையைப் போடுங்கள்.