பிளஸ் டூ பாஸ் ஆக 35 மட்டும் போதாது: கடலூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

ரிசல்ட் வந்த ஒரு மே மாத மதியம், மஞ்சக்குப்பத்தில் நான் மாலை வகுப்பு எடுக்கும் வீட்டுக்கு ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். போனை என் கையில் கொடுத்தார். இயற்பியலில் கருத்தியல் (அதாவது எழுத்துத் தேர்வு) 13, செய்முறை 20, அகமதிப்பீடு 10, மொத்தம் 43. "முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே சார், நாப்பத்துமூணு இருக்கு, அப்புறம் ஏன் ஃபெயில்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். பையன் தலையைத் தூக்கவே இல்லை.

தப்பாகப் போடவில்லை, விதி அப்படித்தான். ஆனால் அந்த விதியை பன்னிரண்டு வருடப் படிப்பில் ஒருவரும் அவர்கள் வீட்டுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், ஜூனிலேயே ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூவுக்கு ஆறு பாடம், பாடத்துக்கு 100, மொத்தம் 600. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்க வேண்டும், ஒரு பாடத்தில் அதிகமாக எடுத்து இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்குள்ளே இன்னொரு கோடு இருக்கிறது. செய்முறை உள்ள பாடங்களில் (இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் மாதிரி) எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இதில் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 15 எடுத்தே ஆக வேண்டும். செய்முறை இல்லாத தமிழ், ஆங்கிலம், கணக்கு, வரலாறு, வணிகவியல் போன்றவற்றில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இங்கே எழுத்துத் தேர்வில் 25 வேண்டும். அந்தப் பையன் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு மதிப்பெண் வாங்கியும் எழுத்துத் தேர்வில் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டுவிட்டான். இரண்டு ஒரு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

இதையே மறுபக்கமாகப் பாருங்கள். இயற்பியலில் 20, 10 இரண்டையும் முழுதாக வாங்கி வைத்திருப்பவன் எழுத்துத் தேர்வில் வெறும் 15 எடுத்தாலே 45 வந்துவிடும். செய்முறையில் 12, அகமதிப்பீட்டில் 6 என்று வைத்திருப்பவன் எழுத்துத் தேர்வில் 17 எடுத்தால்தான் 35-ஐத் தொடுவான். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இந்த முப்பது மார்க்தான் கைப்பிடி, தேர்வு அறைக்குள் நுழைவதற்கு முன்பே சம்பாதித்துக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான்.

அந்த அகமதிப்பீடு 10 எங்கிருந்து வருகிறது? வருகைப் பதிவுக்கு 2, பள்ளியில் நடக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, என்.எஸ்.எஸ்., விளையாட்டு, மன்றங்கள் போன்ற கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. வருகை 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த இரண்டும் முழுதாகக் கிடைக்கும், 75-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் ஒன்றுதான். முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் சில பிள்ளைகள் சீசனில் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள், வீட்டுக் கஷ்டம் எனக்குப் புரிகிறது, ஆனால் போகிற நாட்களை எண்ணிக்கொண்டு போங்கள், வாரத்தில் ஒரு நாள் என்றாலே 80-ஐ ஒட்டி வந்துவிடும். புயல் மழைக்குப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் அது உங்கள் கணக்கில் விழாது, நீங்களாகப் போடும் லீவுதான் விழும்.

செய்முறையைப் பற்றி ஒன்றே ஒன்று: ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜனவரியில் நான்கு நோட்டையும் மொத்தமாகக் கொண்டுபோய் ஆசிரியர் முன்னால் நீட்டுகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது நானும் அப்படிச் செய்தவன்தான், வேதியியல் ரெக்கார்டை ஒரே இரவில் நண்பன் நோட்டைப் பார்த்து எழுதினேன், தேர்வில் உப்புப் பகுப்பாய்வு வந்தபோது எந்தக் குப்பியை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கிடையாது, மாநிலக் கல்விக் கொள்கை 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் பிளஸ் ஒன் எழுதி அரியர் வைத்திருப்பவர்கள், தேர்வே இல்லையாமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அந்தப் பாடத்தை எழுதி முடித்தால்தான் உங்கள் மேல்நிலைப் படிப்பு முடிந்ததாகக் கணக்கு.

பத்தாம் வகுப்பு எளிது. ஐந்து பாடம், 500 மார்க், எல்லாவற்றிலும் 35. அறிவியலில் மட்டும் கவனம்: எழுத்துத் தேர்வு 75-க்கு 20, செய்முறை 25-க்கு 15 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

சரி, இப்போது கன்னியக்கோயில் செக்போஸ்ட்டைத் தாண்டுவோம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ, அந்தப் பாடத்திட்டத்தில் அவர்கள் பொதுத்தேர்வு எழுத ஆரம்பித்தது 2025-ல்தான். பாகூரில் அண்ணன் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் எழுதியிருப்பான், தம்பி சிபிஎஸ்இயில் இருப்பான், அண்ணன் சொல்லும் கணக்கு தம்பிக்குச் செல்லாது. சிபிஎஸ்இயில் தேர்ச்சி 33 சதவீதம் என்றதும் ஏதோ இரண்டு மார்க் குறைவு, சுலபம் என்று நினைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் தனியாக 33 சதவீதம், செய்முறை அல்லது அகமதிப்பீட்டில் தனியாக 33 சதவீதம் வேண்டும். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70-க்கு என்றால் 23 எடுக்க வேண்டும். இங்கே கடலூரில் அதே 70-க்கு 15 போதும். பத்தாம் வகுப்பில் மட்டும் எழுத்துத் தேர்வையும் அகமதிப்பீட்டையும் சேர்த்து 33 வந்தால் போதும். அங்கே ஒரு நல்ல வழியும் உண்டு: ஐந்து பாடத்தோடு ஆறாவதாக ஒரு திறன் பாடம் (தொழில் சார்ந்த பாடம்) எடுத்திருந்தால், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் தவறினாலும் அந்தத் திறன் பாடத்தை அதன் இடத்தில் வைத்துத் தேர்ச்சி கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே பள்ளியில் என்ன திறன் பாடம் இருக்கிறது என்று கேளுங்கள். கணக்கில் பயம் இருக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை.

கிரெடிட் கிரெடிட் என்று இப்போது பேசுகிறார்களே, அது படித்த நேரத்தைப் புள்ளிகளாகக் கணக்கு வைக்கும் முறை, 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு. 30 மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட் என்று கணக்கு; விளையாட்டு, தொழிற்பயிற்சி எல்லாம் அதில் சேரும். அபார் என்ற 12 இலக்க மாணவர் அடையாள எண்ணில் அது சேமிக்கப்படும். அந்த எண்ணில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள்.

தவறிவிட்டால்? முதலில், வருடம் வீணாகிவிடவில்லை. தமிழ்நாட்டில் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள், படித்த பள்ளியிலேயே பணம் கட்டலாம், தேர்வு ஜூன் ஜூலையில் நடந்துவிடும். வருத்தத்தில் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு அந்தச் சில நாட்களை விட்டுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். பெற்றோர்தான் அன்றே பள்ளிக்குப் போக வேண்டும், திட்டுவதாக இருந்தால் பணம் கட்டிவிட்டு வந்து திட்டிக்கொள்ளலாம். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள், பாட ஆசிரியரிடம் காட்டுங்கள், அவர் சரி என்றால் மேலே போங்கள். மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம். மறுமதிப்பீட்டை நம்பித் துணைத்தேர்வுக்குக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள், இரண்டையும் செய்யுங்கள்.

துணைத்தேர்வில் பாஸ் செய்தவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. ஆனால் 35 எடுத்துப் பாஸ் ஆனால் பொறியியலுக்குப் போதாது, கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

சிபிஎஸ்இ பன்னிரண்டில் ஒரு பாடம் தவறினால்தான் அதே வருடம் துணைத்தேர்வு, ஒன்றுக்கு மேல் போனால் மறுபடி எல்லாப் பாடமும்தான். அப்படி ஆனவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியை யோசிக்கலாம்: ஐந்து பாடம், 33 சதவீதம், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, பழைய போர்டில் பாஸ் செய்த இரண்டு பாடம் வரை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

பத்து முடித்துவிட்டு ஐடிஐ போனவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டு வருட ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிப்பாடத்தையும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் தமிழ்நாட்டில் தருகிறார்கள். ஃபிட்டர் முடித்துவிட்டு சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனையோ தம்பிகளுக்கு இது தெரியாது. பிளஸ் டூவை விட்டுவிட்டு நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படிக்காத பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே ஆணை இருக்கிறது. அப்படி நேராக வாங்கும் பட்டம் செல்லாது என்ற அந்த வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழக்கில்தான் வந்தது.

பள்ளி மாற்றுவதற்கு முன் இதையும் பாருங்கள்: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வந்த குடும்பம் ஒன்று பின்னால் என்னிடம் வந்து அழுதது.

அந்த இயற்பியல் பையனுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லித்தரவில்லை. புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் தினமும் இருபது எழுதச் சொன்னேன், அதே இயற்பியல் புத்தகத்தில் ஆறு பாடத்தின் இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்களைக் குறித்துக் கொடுத்தேன். ஜூலையில் எழுத்துத் தேர்வில் 31 எடுத்தான்.